கர்னல் வந்தால் திரைப் பக்கம்தான் முதலில்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில் புதுப் பதிப்பு வந்ததும் நான் முதலில் திறப்பது, ஏஎம்டி கிராஃபிக்ஸ் சிப்புகளை (ஜிபியு) இயக்கும் ஏஎம்டிஜிபியு டிரைவரின் டிஸ்ப்ளே ஃபோல்டரைத்தான். சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் பிளேஸ் போகும் எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே ஃபோனில் கமிட்டுகளை, அதாவது நிரலில் செய்த மாற்றங்களின் பதிவுகளை, தள்ளிக்கொண்டு வருவேன். பக்கத்தில் நின்ற அண்ணன் ஒருவர் "பங்கு விலையா தம்பி?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன், எங்கே போய் விளக்குவது!

முழுவதையும் படிக்கத் தேவையில்லை. ஏகப்பட்டது வெறும் ரெஜிஸ்டர் (சிப்பின் உள் முகவரிகள்) பட்டியல். நான் தேடுவது பிஎஸ்ஆர் (பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ், திரை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வது) சம்பந்தப்பட்ட கமிட்டுகளை. படம் அசையாதபோது பேனல் தன் நினைவகத்தில் உள்ளதையே காட்டிக்கொண்டிருக்கும், ஜிபியு அதற்குப் படம் அனுப்புவதை நிறுத்திவிடும். பேட்டரிக்கு நல்லது. ஆனால் இந்த நிலையிலிருந்து மறுபடி எழும் நேரம் கொஞ்சம் பிசகினாலும் திரை மினுக்கும். அப்போது டிபக் மாஸ்க் (டிரைவரின் சில வசதிகளை அணைத்துச் சோதிக்கும் அமைப்பு) கொடுத்து பிஎஸ்ஆரை அணைத்துப் பார்த்தால் குற்றவாளி அதுதானா என்று தெரிந்துவிடும்.

இந்த டிஸ்ப்ளே நிரல் (கோடு) கர்னலுக்குள் வந்ததே பெரிய கதை. 2016 டிசம்பரில் கர்னலின் கிராஃபிக்ஸ் பகுதியைப் பராமரிக்கும் டேவ் ஏர்லி, இப்படி கர்னலுக்கும் ஹார்ட்வேருக்கும் நடுவே தனி அடுக்கு வைத்த கோடு வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். நிறையத் திருத்திய பிறகு கர்னலின் 4.15 பதிப்பில்தான் சேர்ந்தது. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். அடுத்து கலர் மேனேஜ்மென்ட் கமிட்டுகளைப் பார்க்க வேண்டும், வாரக்கடைசியில்.