எடோகாவாவில் கீரை வளர்ப்பு

டோக்கியோவின் எடோகாவா வட்டத்தில், அதிலும் நிஷிகசாய் ரயில் நிலையத்தைச் சுற்றி, இந்தியக் குடும்பங்கள் ஏராளம். துவரம்பருப்புக்கும் புளிக்கும் இங்கே தட்டுப்பாடில்லை. அரைக்கீரைக்கும் சிறுகீரைக்கும்தான் ஏங்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தக் குறையைத் தீர்த்தது கொமட்சுனா என்னும் கடுகு இனக் கீரை. அதன் பூர்வீகம் இந்த வட்டம்தான். எடோ காலத்தில் (17–19ஆம் நூற்றாண்டு) இங்குள்ள கொமட்சுகாவா பகுதியில் விளைந்து பெயர்பெற்ற அதை, இன்றும் இங்கே பயிரிடுகிறார்கள்.

அடுக்குமாடியில் தோட்டம் என்றால் பால்கனிதான். ஆனால் தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுத் தடுப்புப் பலகையை உடைத்துக்கொண்டு தப்பிக்க வேண்டிய வழியும் அதுவே என்பதால், பலகையை ஒட்டித் தொட்டி வைக்கக்கூடாது. மண் இன்னொரு தொல்லை: கடையில் வாங்கிவிடலாம், குப்பையில் போட முடியாது, ஏனெனில் டோக்கியோவின் 23 வட்டங்களிலும் மண்ணைக் குப்பையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே அறுவடை முடிந்ததும் வேர்களைச் சலித்தெடுத்து, தொழுவுரம் கலந்து அதே மண்ணைத்தான் பயன்படுத்துகிறோம். கடுகு இனத்தையே திரும்பத் திரும்ப விதைத்தால் வேர்முடிச்சு நோய் வரக்கூடும் என்பதால், கோடையில் அதில் பீன்ஸ் போடுகிறோம்.

விதைக்க ஏற்ற காலம் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். விரற்கடை இடைவெளியில் விதைத்து, முளைத்தபின் நெருக்கத்தைக் கலைக்க வேண்டும். பிடுங்கிய இளங்கன்றுகள் தோசை மாவில் கலக்க உதவும். விதைத்த அன்றே பூச்சி வலையைப் போர்த்தி ஓரங்களையும் இறுக மூடிவிட வேண்டும், இல்லையெனில் வெள்ளை வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டு, பச்சைப் புழுக்கள் இலையைச் சல்லடையாக்கிவிடும். குளிர்ந்தால் செடி செத்துவிடும் என்றுதான் நம் ஊர்ப் பழக்கத்தில் நினைப்போம்; இதுவோ குளிர் ஏற ஏற, உறைந்துபோகாமலிருக்க இலைகளில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்வதால், ஜனவரியில்தான் மிகுந்த சுவையோடு இருக்கிறது.

பாலக்கைப்போல் வேகவைத்து நீரை வடிக்கத் தேவையில்லாததால், கொமட்சுனாவைப் பொடியாக நறுக்கி நேராகவே பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். 100 கிராமில் ஏறத்தாழ 170 மில்லிகிராம் கால்சியம் இருப்பதும் கூடுதல் நன்மை. கியோட்டோவில் பேர்போன மிசுனா என்னும் கீரையை மட்டும் நான் பருப்பில் சேர்ப்பதில்லை. கடைந்தாலும் மசியாத அந்த மெல்லிய தண்டுகள் பச்சையாகத் தயிர்ப் பச்சடிக்கே பொருந்தும்.

உண்மையில் என்னைக் கவர்ந்தது கராஷினா. நாம் தாளிக்கும் கடுகின் இனமே அது; ஓரம் சுருண்ட இலை, மூக்கில் ஏறும் காரம். இலையின் செல்கள் உடையும்போதுதான் அந்தக் காரம் உண்டாகிறது என்பதால், நெடுநேரம் கொதிக்கவிட்டால் வெறும் கீரையாகிவிடும். நறுக்கிய இலையில் உப்பைத் தூவிப் பிசறி, கொதிக்காத சுடுநீரை ஊற்றி உடனே வடித்து, மூடியுள்ள டப்பாவில் போட்டுக் குலுக்கிச் சற்று நேரம் மூடியே வைத்தால் காரம் நன்றாக எழும். அதை உளுத்தம்பருப்பு, தேங்காய், புளியோடு துவையலாக அரைக்கிறேன். மிளகாய் பாதி போதும். ஏப்ரலில் செடி தண்டுவிட்டுப் பூக்கத் தொடங்கும்போது அதைப் பிடுங்கி எறிய வேண்டாம், மொட்டோடு கிள்ளி வதக்கினால் அருமையான பொரியல்.