டாயிர் அசானோவின் பீரங்கி

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெண் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கில் மருத்துவம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் அந்நகரின் வெற்றிச் சதுக்கத்தில் எடுத்த படங்களை என் அப்பாவிடம் காட்டினாள். அப்பா இந்திய ராணுவத்தில் பீரங்கிப் படை ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று தொடங்கிய பேச்சில்தான் டாயிர் அசானோவைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அசானோவ் 1922-இல் பிறந்த கிர்கிஸ்காரர். 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்தபோது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை. சுமார் 15 லட்சம் மக்களே வாழ்ந்த கிர்கிஸ் குடியரசிலிருந்து ஏறத்தாழ 3.6 லட்சம் பேர் போர்முனைக்குச் சென்றார்கள். அவர்களில் பலருக்கு ரஷ்ய மொழி சரளமாக வராது. ஆனால் கட்டளைகள் எல்லாம் ரஷ்ய மொழியில்தான். நாசிக் ரோடு பயிற்சி மையத்தில் இந்திக் கட்டளைகளை அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்த அப்பாவுக்கு இந்த இடத்தை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அசானோவ் டாங்கி எதிர்ப்புப் பீரங்கி ஒன்றின் தலைவர். சோவியத் காலாட்படையோடு சென்ற 45 மில்லிமீட்டர் பீரங்கிக்கு வீரர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘விடைகொடு, தாய்நாடே’ என்பது. அந்தப் பெயரின் காரணம் பீரங்கியின் அளவிலேயே இருக்கிறது. 1937-ஆம் ஆண்டு மாதிரி சுமார் 560 கிலோ எடை கொண்டது. குழுவினரே கையால் தள்ளி நகர்த்திவிடலாம். கவசம் துளைக்கும் அதன் குண்டு ஒன்றரைக் கிலோ கூட இருக்காது. 1942 வாக்கில் ஜெர்மன் டாங்கிகளின் முன்கவசம் தடித்துவிட்டதால், டாங்கி சில நூறு மீட்டர் நெருங்கும்வரை மண்ணோடு மண்ணாகக் கிடந்து, அது பக்கவாட்டைக் காட்டும் நேரம் பார்த்து விலாவிலோ சங்கிலிச் சக்கரத்திலோ அடிக்க வேண்டும். முதல் குண்டு பாய்ந்ததுமே தீப்பொறியும் புழுதியும் பீரங்கி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பின் அந்தக் குழுவுக்கு மிஞ்சுவது சில நொடிகள்தான்.

நான் அப்பாவிடம் அதிக நேரம் கேட்டறிந்தது இந்தக் காத்திருப்பைப் பற்றித்தான். பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இலக்கை நோக்கிச் சுடும் பீரங்கிகளில் வேலை செய்தவர் அவர். எதிரியின் முகத்தை அவர் கண்டதில்லை. ஆனாலும் அவருடைய இடது காது பாதி மந்தம். “சுடு என்று சொல்வதைவிட, இன்னும் பொறு என்று சொல்வதுதான் நம்பர் ஒன்னுக்குக் கஷ்டம்” என்றார். பீரங்கிக் குழுவின் தலைவரை எங்கள் ராணுவத்தில் நம்பர் ஒன் என்றே அழைப்பார்கள்.

சோவியத் அரசும் இந்த வேலையின் ஆபத்தை அறிந்தே இருந்தது. 1942 ஜூலை 1 தேதியிட்ட ஆணை, டாங்கி எதிர்ப்புப் பீரங்கிப் படையின் சாதாரண வீரர்களுக்கு இரட்டைச் சம்பளமும், குறுக்காக வைத்த இரு பீரங்கிக் குழல்கள் பொறித்த கைச்சின்னமும் அளித்தது. அழித்த ஒவ்வொரு டாங்கிக்கும் பீரங்கித் தலைவருக்கும் குறிபார்ப்பவருக்கும் 500 ரூபிள், மற்றவர்களுக்கு 200 ரூபிள். ‘குழல் நீளம், ஆயுள் குட்டை’ என்பது அந்தப் படையில் புழங்கிய சொல்.

அந்த ஆயுளைத் தாண்டி வந்தவர் அசானோவ். போர்க்காலத்திலேயே சோவியத் ஒன்றிய வீரர் என்ற மிக உயர்ந்த பட்டம் அவருக்குக் கிடைத்தது. அதனுடன் வழங்கப்படும் தங்க நட்சத்திரத்தின் எடை 21.5 கிராம்; நம் கணக்கில் மூன்று பவுனுக்குச் சற்றுக் குறைவு. போருக்குப் பின் மேஜர் ஜெனரல் பதவி வரை உயர்ந்தார். களத்தில் பீரங்கியைத் தள்ளிய ஒருவர் ஜெனரலானதை, அந்த நட்சத்திரத்தைக் காட்டிலும் பெரிதாக நான் மதிக்கிறேன். அவர் காலமானது 2009-இல்.

வெற்றிச் சதுக்கத்து நினைவுச்சின்னம் 1985-இல் எழுப்பப்பட்டது. கிர்கிஸ் கூடார வீட்டின் விலா எலும்புகளைப் போல மூன்று சிவப்புக் கல் வளைவுகள் மேலே ஒரு வளையத்தில் இணைகின்றன. அதன் கீழே அணையா விளக்கும், போருக்குப் போனவனை எதிர்பார்த்து நிற்கும் ஒரு பெண்ணின் சிலையும் இருக்கின்றன. அப்பா அந்தப் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, “அந்தப் பீரங்கிக்கு மொத்தம் எத்தனை பேர்?” என்று கேட்டார். ஆறு பேர் என்றேன். தலையசைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் சிலையையே மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தார்.