எல்-நேம் எலிகள்: ஆய்வகக் குறிப்புகள்

மார்ச் 3, 2025, திங்கள்

நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்தாயிற்று. இன்று முதல் எலிகளுக்குக் குடிநீரில் எல்-நேம் என்ற மருந்து; ரத்த அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க. ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்கள் எல்-ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கின்றன. குழாயைத் தளர்த்தி வைப்பது அந்த வாயுதான். எல்-நேம், ஆர்ஜினின் போலவே அதைத் தயாரிக்கும் நொதியில் இடம் பிடித்துத் தயாரிப்பை நிறுத்திவிடும். கிலோவுக்குத் தினமும் 40 மில்லிகிராம். தலைவலி பாட்டில்தான். ஒரு எலி முனையைக் கடித்துக் கடித்துத் தண்ணீரை உமியில் கொட்டுகிறது. குடித்தது எவ்வளவு, கொட்டியது எவ்வளவு?

மார்ச் 6, வியாழன்

வாலில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கப் பழக்குகிறோம். வால் வெதுவெதுப்பாக இல்லாவிட்டால் துடிப்பே பிடிபடாது. அவசரப்பட்டால் எலி மிரளும், பி.பி. தானாக ஏறும். அப்புறம் அது மருந்தின் வேலையா, பயத்தின் வேலையா என்று யார் சொல்வது?

மார்ச் 12, புதன்

ரீஸ், பால்மர், மொன்காடா மூவரின் 1989 கட்டுரையை மறுபடி படித்தேன். மயக்கத்தில் இருந்த முயல்களுக்கு எல்-நேம் போலவே அந்த நொதியைத் தடுக்கும் எல்-என்எம்எம்ஏ ஏற்றினார்கள்; அழுத்தம் ஏறியது. எல்-ஆர்ஜினின் கொடுத்ததும் இறங்கியது. எனக்குப் பிடித்தது எல்-என்எம்எம்ஏவின் கண்ணாடிப் பிம்ப மூலக்கூறான டி-வடிவம்: அதே அணுக்கள், ஆனால் ஒரு விளைவும் இல்லை. வலது கால் செருப்பை இடது காலில் மாட்டிய கதை. குழாயை இறுக்க எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை என்பதுதான் விஷயம். இருந்த தளர்வை எடுத்தார்கள், அவ்வளவே. அப்படியென்றால் அந்த வாயு சும்மா இருக்கும் விலங்கிலும் நொடிக்கு நொடி சுரந்துகொண்டே இருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

எல்-நேம் குழுவில் அழுத்தம் தெளிவாக ஏறியிருக்கிறது. வெறும் தண்ணீர் குடித்தவை அப்படியே. 1992இல் பிரேசில் குழு வாரக்கணக்கில் எல்-நேம் கொடுத்து இதைத்தான் கண்டது. லோசார்டன் என்ற பி.பி. மருந்து அந்த ஏற்றத்தைக் குறைத்தது. அதே ஆண்டு பெய்லிஸ் குழு சிறுநீரகச் சேதத்தையும் காட்டியது. சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

ஜூனியர் கேட்டாள்: "அக்கா, செப்சிஸில் பி.பி. விழுந்தவங்களுக்கு இதையே கொடுக்கலாமே?"

செப்சிஸ் என்றால் தொற்று முற்றி உடல் முழுவதும் பாதிக்கப்படும் நிலை. கொடுத்துப் பார்த்தார்கள். எல்-என்எம்எம்ஏ, 797 நோயாளிகள், முடிவு 2004இல் வெளியானது. அழுத்தம் ஏறத்தான் செய்தது. ஆனால் 28 நாளில் மருந்துக் குழுவில் 59 சதவீதம் பேர் இறந்தார்கள், மருந்து தராத குழுவில் 49. சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். குழாய் இறுகியபோது இதயம் தள்ளும் ரத்தமும் குறைந்திருந்தது.

"அப்ப நம்ம எலிக்கும் இதயத்தைப் பாக்கணுமா?"

பார்க்கத்தான் வேண்டும். இதயத்தை எடைபோட, எடைத் தராசை நாளைக்கே சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன்.