மதிப்பீட்டாளர் வருவதற்கு முன்

கோத்தகிரியில் நாங்கள் நடத்தும் சிறிய அறக்கட்டளை, அயல்நாட்டிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரங்களை அகற்றிய சரிவுகளில், இம்மலைக்கே உரிய சோலைக்காட்டு மர நாற்றுகளை நட்டுவருகிறது. எங்கள் நிதி திரட்டும் பணியை வெளியாள் ஒருவரைக் கொண்டு மதிப்பிடுவதென அறங்காவலர்கள் முடிவு செய்தபோது, கணக்கு எழுதுபவன் என்பதால் ஆயத்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆண்டுதோறும் ஆடிட்டர் பார்க்கும் கணக்குதானே என்று முதலில் அலட்சியமாகத்தான் இருந்தேன். ஆனால், வந்த பணம் முறையாக எழுதப்பட்டுள்ளதா என்று பார்ப்பவர் ஆடிட்டர். அது ஏன் வந்தது, அடுத்த ஆண்டும் வருமா, வராவிட்டால் அதில் நம் தவறு எவ்வளவு என்று கேட்பவர் மதிப்பீட்டாளர். அந்தக் கேள்விகளுக்குப் பேரேட்டில் விடை இல்லை.

எனவே மூன்று ஆண்டு ரசீதுகளின் அடிக்கட்டைகளை எடுத்து, பெயர்களை ஒரே பட்டியலாக்கினேன். பச்சைத் தேயிலைப் பணம் கைக்கு வந்ததும் எங்களுக்கென ஒரு தொகையை எடுத்துவைக்கும் சிறு விவசாயி ஒருவர், ஓர் ஆண்டில் தலைப்பெழுத்தோடும், மறு ஆண்டில் தன் ஹட்டியின் (படகர் சிற்றூரின்) பெயரோடும், மூன்றாம் ஆண்டில் வெறும் செல்லப்பெயரிலும் பதிவாகியிருந்தார். விலகிப்போனார்கள் என்று நாங்கள் வருந்திய நன்கொடையாளர்களில் பலர் இவ்வாறு எங்கள் ஏட்டிலேயே தொலைந்தவர்கள். மெய்யாகவே விலகியவர்களுக்கோ, முதல் ரசீதுக்குப் பின் நாங்கள் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

சட்டம் சார்ந்த சரிபார்ப்பு எளிதாகவே முடிந்தது. நன்கொடையாளர்களுக்கு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு தந்த வரிச்சலுகைக்குரிய நன்கொடை விவரங்களை, 10பிடி என்ற படிவத்தில் மே 31க்குள் வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. சீசன் கூட்டத்தில் மலையே திணறும் மாதம் அது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிவிலக்கு இல்லை என்பதைச் சொல்லாமலேயே இருவருக்கு ரசீது கொடுத்திருந்தோம். அவர்களிடம் நேரில் சென்று விளக்கினேன்.

நன்றிக் கடிதங்களைப் பழைய தேதியிட்டு இப்போதே எழுதிக் கோப்பில் சேர்த்துவிடலாம் என்று குழுவில் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நான் உடன்படவில்லை. கோப்பை அழகுபடுத்தி வாங்கும் மதிப்பீட்டுக்கு நாம் ஏன் கட்டணம் செலுத்த வேண்டும்? அதற்கு மாறாக, எங்கள் குறைகளை இரண்டு பக்கங்களில் எழுதிக் கோப்பின் முதல் தாளாக வைத்தேன். அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

மதிப்பீட்டாளராக வந்த அம்மையார் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, பேக்கரிகளில் வைத்திருக்கும் உண்டியல்களைப் பற்றிக் கேட்டார். பெயர் தெரியாத நன்கொடை ஒரு லட்சம் ரூபாய், அல்லது மொத்த நன்கொடையில் ஐந்து விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால்தான் வரி என்றும், எங்கள் வசூல் அந்த அளவை எட்டுவதில்லை என்றும் விளக்கினேன்.

"அது சரிங்க, உண்டியலைத் திறக்கும்போது கூட யார் இருப்பாங்க?" என்றார்.

நான் மட்டுமே இருப்பேன். சாவியும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அந்த இரண்டு பக்கங்களில் இது இல்லை.