கஜுராஹோவுக்குப் பிள்ளைகளோடு

டிசம்பர் 14, 2024

அரையாண்டு லீவுக்கு கஜுராஹோ என்று முடிவாகிவிட்டது, மத்தியப் பிரதேசத்தில் காமச் சிற்பங்களுக்குப் பேர்போன கோயில்கள் இருக்கும் ஊர். அக்கா மகனும் வருகிறான், அவனுக்கு 14. மாமியாருக்குத்தான் பிடிக்கவில்லை. "பதினோரு வயசுப் பொண்ணுக்குக் காட்டுற கோயிலாம்மா அது?" நம் ஊர்த் தேரின் அடித்தட்டில் இருக்கும் ஜோடிகளை நினைவுபடுத்தினேன். "அது சாமி தேரு" என்றார். பேச்சு முடிந்தது.

டிசம்பர் 17

சட்டமும் மாமியார் கட்சிதான்! குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவு ஆபாசப் பொருளை விற்பதைக் குற்றமாக்குகிறது. 295, அதைக் குழந்தைக்குக் காட்டினாலே தண்டனை என்கிறது. ஆனால் கோயில், பழைய நினைவுச் சின்னம், சாமியை வைத்து இழுக்கும் தேர், இவற்றில் உள்ள சிற்பங்களுக்கு 294லேயே விலக்கு உண்டு. 'ஏ' படத்துக்கு 18 ஆகாதவர்களை உள்ளே விடக்கூடாது. கஜுராஹோவிலோ 15 வயதுக்குக் கீழே என்றால் டிக்கெட் எடுக்காமலே உள்ளே போகலாம்.

இத்தாலியின் நேப்பிள்ஸில் 1819இல் இளவரசர் ஒருவர் மனைவி, மகளோடு மியூசியம் பார்க்க வந்தார். எரிமலையில் புதைந்துபோன பொம்பெயி நகரில் கிடைத்த காமச் சிற்பங்களைப் பார்த்ததும் தனி அறையில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார். இடையிடையே திறந்து மூடி, 2000இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஒரு அப்பாவின் கூச்சத்துக்கு இவ்வளவு ஆயுள். லண்டனில் 2013இல் ஷுங்கா என்னும் பழைய ஜப்பானியக் காம ஓவியங்களைக் கண்காட்சியில் வைத்தபோது, 16க்குக் கீழே என்றால் பெரியவர் யாராவது கூட வர வேண்டும் என்று மட்டும் விதித்தார்கள். எனக்கு இது சரியாகப் படுகிறது.

டிசம்பர் 27, கஜுராஹோ

கந்தரிய மகாதேவர் கோயிலில் கவலையே இல்லை. ஜோடிகள் எல்லாம் உயரத்தில், கழுத்தை வளைத்தால்தான் தெரியும். மகள் பார்த்தாள், "ஐயே" என்றாள், யாளி எண்ணப் போய்விட்டாள்.

சிக்கல் லட்சுமணர் கோயிலில். மேடையைச் சுற்றி ஓடும் சிற்ப வரிசை பிள்ளைகளின் கண்ணுக்கு நேரே வருகிறது. யானை, குதிரை, படைவீரர்கள் என்று போய்க்கொண்டே இருக்கும்போது, நடுவில் குதிரையோடு உறவு கொள்ளும் ஒரு மனிதன். அந்தப் பக்கமே போகாமல் திருப்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் மகள் அங்கே நின்றுவிட்டாள். அவள் கேட்டது பக்கத்தில் இருந்த உருவத்தைப் பற்றி.

"இவங்க ஏம்மா மூஞ்சிய மூடிக்கிறாங்க?"

"பார்க்கப் பிடிக்கல போல."

"அப்போ அது தப்புன்னு செதுக்கினவருக்கே தெரியுமா?"

தெரிந்திருக்கும் என்றேன். விலங்கைத் துன்புறுத்துவது பற்றியும், இரண்டு பேரும் மனசார விரும்புவது பற்றியும் மரத்தடியில் உட்கார்ந்து கொஞ்சம் பேசினோம். வீட்டில் இந்தப் பேச்சை நான் எடுத்திருக்கவே மாட்டேன்.

டிசம்பர் 28

கடைத்தெருவில் அதே ஜோடிகள் சாவிக்கொத்தில் தொங்குகிறார்கள். அக்கா மகன் ஒன்றை எடுத்தான், வேண்டாம் என்றேன்.

"சுவத்துல பார்க்கலாம், இதுல கூடாதா சித்தி?"

சுவரில் மை தீட்டுகிறவள், காலில் தைத்த முள்ளை எடுக்கிறவள், கடவுள்கள் என்று நூற்றுக்கணக்கானோருக்கு நடுவே அவர்களும் இருக்கிறார்கள். இதில் அந்த ஒன்றை மட்டும் வெட்டி எடுத்து விற்கிறான் என்றேன்.

"போன்லயும் அப்படித்தான்" என்றான், சாதாரணமாக.

என்ன பார்த்திருக்கிறான் என்று கேட்க வேண்டும். முதலில் அக்காவிடம் சொல்லிவிட்டு.