பள்ளியில் காலநிலை மாற்றத்தை அளப்பது: இந்த ஆண்டுக்கான திட்டம்

காலநிலை மாற்றம் என்றதும் நம் பள்ளிகளில் முதலில் நினைவுக்கு வருவது ஜூன் 5 அன்று நடக்கும் ஓவியப் போட்டியும் மரக்கன்று நடும் விழாவும்தான். அவற்றின்மேல் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகள், வெப்பமானியைக் கொண்டு ஒழுங்காக அளக்கவும், அளந்ததை வரைபடத் தாளில் குறிக்கவும், தங்கள் கணிப்பு பொய்த்தால் அதற்குக் காரணம் தேடவும் வல்லவர்கள். ஆகவே அவர்களுக்கான செய்முறை ஆய்வுகளைத் திட்டமிடுகையில், ஒவ்வொரு சோதனையும் உண்மையில் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்ற ஒரு கேள்வியையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

அந்த அளவுகோலில் முதலில் தேறாமல் போவது, எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பாட்டில் சோதனை. ஒன்றில் வெறும் காற்று, மற்றொன்றில் சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்து உண்டாக்கிய கார்பன் டை ஆக்சைடு. இரண்டையும் விளக்கொளியில் வைத்தால் இரண்டாவது கூடுதலாகச் சூடேறும். உடனே, காற்றிலுள்ள சில வாயுக்கள் வெப்பத்தை வெளியேறவிடாமல் பிடித்துவைக்கும் பசுமை இல்ல விளைவை நிரூபித்துவிட்டதாகப் பாடம் முடியும். இத்தகைய செயல்விளக்கங்களை ஆராய்ந்து, அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் சங்கத்தின் ஆய்விதழில் 2010இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அகச்சிவப்புக் கதிரை, அதாவது வெப்பக் கதிரை, உறிஞ்சாத ஆர்கான் வாயுவை நிரப்பினாலும் ஏறத்தாழ அதே அளவு வெப்பம் ஏறுகிறது என்று அது காட்டியது. காற்றைவிட அடர்த்தி மிகுந்த வாயு அடியிலேயே தங்கி, மேலுள்ள காற்றுடன் கலக்காமல் வெப்பச்சலனத்தை, அதாவது சூடான காற்று மேலெழுந்து வெப்பத்தைக் கொண்டுபோவதை, குறைப்பதே அங்கு முதன்மையான காரணம். கார்பன் டை ஆக்சைடு வெப்பக் கதிரை உறிஞ்சுகிறது என்பதை 1859இலேயே இயற்பியலாளர் ஜான் டிண்டல் அளந்து காட்டிவிட்டார், அதில் ஐயமில்லை. முடிவு சரியாக இருப்பதாலேயே அதற்கு நாம் சொல்லும் சான்றும் சரியாகிவிடாது என்பதைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களிடம் வெளிப்படையாகப் பேசலாம் என்று நினைக்கிறேன். அதனால் பாட்டில் சோதனையை விலக்காமல், அதன் குறையைக் கண்டுபிடிப்பதையே ஆய்வுப் பணியாக அவர்களுக்குத் தரப்போகிறேன்.

வானத்திலிருந்து வெப்பக் கதிர் திரும்பி வருவதை உணர்த்த, தொழிற்கூடங்களில் பயன்படும் அகச்சிவப்பு வெப்பமானி போதும். இரவில் தெளிந்த வானத்தை நோக்கிப் பிடித்தால் அளவு மிகவும் தாழ்ந்தும், மேகத்தை நோக்கிப் பிடித்தால் உயர்ந்தும் காட்டும். இங்கும் ஒரு வரம்பு உண்டு. இக்கருவிகள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை அலைநீளமுள்ள கதிரையே உணர்கின்றன. கார்பன் டை ஆக்சைடு வலுவாக உறிஞ்சுவதோ 15 மைக்ரானை ஒட்டிய பகுதியில். ஆகவே நாம் அளப்பது மேகமும் நீராவியும் அனுப்பும் வெப்பத்தைத்தான்.

கடல்மட்டம் தொடர்பான சோதனைகள் இவ்வளவு சிக்கலானவை அல்ல. குவளையில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர்மட்டம் மாறாது. நீருக்கு மேலே கல்லின்மீது வைத்த பனிக்கட்டி உருகி வழிந்தால் மட்டம் உயரும். மிதப்பதும் மட்டத்தை உயர்த்தும் என்றே பலர் எதிர்பார்ப்பார்கள் என்பதால், சோதனைக்கு முன்பே கணிப்பை எழுதி வாங்கிவிட வேண்டும். அதன் பிறகு, கிரீன்லாந்தின் நிலப்பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும் என்ற கணக்கு அவர்களுக்கு எளிதில் விளங்கும். பனியே இல்லாமலும் கடல் உயரும் என்பதற்கு, 500 மில்லி குடுவையில் நிறமூட்டிய நீரை விளிம்புவரை நிரப்பி, ஒற்றைத் துளை ரப்பர் அடைப்பான் வழியே மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செருகினால் போதும். அறை வெப்பநிலையிலிருந்து 10 டிகிரி ஏறும்போது நீர் விரிவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிதான். ஆயினும் 4 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் அது 10 சென்டிமீட்டருக்கு மேல் ஏறிவிடும்.

பள்ளி வளாகத்தில் வெப்பம் அளப்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். தகரக் கூரை வகுப்பு, சிமெண்ட் முற்றம், வேப்பமர நிழல் என்று குழுக்களைப் பிரிக்கலாம். அதற்கு முன் எல்லா வெப்பமானிகளையும் ஒரே வாளித் தண்ணீரில் வைத்து, அவற்றுக்கிடையேயான வேறுபாட்டைக் குறித்துக்கொள்வது இன்றியமையாதது. மலிவான வெப்பமானிகள் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரி வேறுபடுவது சாதாரணம். எனினும் மரத்தடிக்கும் தகரக் கூரைக்கும் உள்ள வேறுபாடு காலநிலை மாற்றம் அன்று. காலநிலையைக் குறைந்தது 30 ஆண்டுச் சராசரியாகவே வானிலையாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஒரு கல்வியாண்டில் எந்த மாணவராலும் அதை அளக்க இயலாது.

ஆகவே மாற்றத்தைத் தேடப் பழைய பதிவுகளுக்குத்தான் செல்ல வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901 முதலான மழைத் தரவுகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து இணையத்தில் தருகிறது. நாசாவின் 'பவர்' தளத்தில் ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கொடுத்தால் 1981 முதலான அன்றாட வெப்பநிலை இலவசமாகக் கிடைக்கும். பின்னது ஊர் வெப்பமானியின் அளவீடு அன்று, பல கிலோமீட்டர் பரப்புக்கான கணிப்பு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு குழுவும் ஒரு பத்தாண்டை எடுத்துக் கையாலேயே வரைந்து, பிறகு தாள்களை ஒட்டிச் சேர்க்கலாம். கூடவே, ஆடிப்பட்ட மழை முன்போல் இல்லை என்று சொல்லும் ஊர்ப் பெரியவர்களின் நினைவையும் எழுதிவந்து பதிவுகளோடு ஒப்பிடச் சொல்வேன். இரண்டும் பொருந்தாத இடங்களில்தான் நல்ல விவாதம் நடக்கும்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும் என்பதால், செப்டம்பருக்குள் மழைமானிகள் தயாராக இருக்க வேண்டும். நேர்ச்சுவருள்ள பாட்டிலை வெட்டி, கழுத்துப் பகுதியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலே மழைமானி கிடைத்துவிடும். ஆனால் அதன் உயரம் 20 சென்டிமீட்டரைத் தாண்டாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியைவிட அது அதிகம். அதனால் ஒவ்வொரு மழைமானியையும் ஒரு வாளிக்குள் நிறுத்தி, வழியும் நீரையும் அளக்கும்படி அமைக்கச் சொல்லியிருக்கிறேன். வாளியின் வாய் அகலமானது என்பதால் அதில் நேரடியாக விழும் மழை கணக்கில் சேராதபடி எப்படி மூடுவது என்பதை ஒன்பதாம் வகுப்பினரே வடிவமைக்கட்டும்.