மார்க்கர் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு

என் மனைவி மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி கிளினிக் போய் வந்தால் அன்று மாலையே வெள்ளவத்தை முழுக்க இருக்கிற சொந்தக்காரரிடமிருந்து போன் வரும். "இந்த முறை மார்க்கர் எவ்வளவாம்?" கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி! மார்க்கர் என்றால், நோய் திரும்பியிருக்கிறதா என்று அறிய இரத்தத்தில் அளந்து பார்க்கிற பொருள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளங்கப்படுத்தி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைக்கிறேன்.

மனைவிக்கு வந்தது பப்பிலரி வகைத் தைரொயிட் புற்றுநோய். சுரப்பியை முழுதாக எடுத்து, கதிரியக்க அயடினும் கொடுத்தாயிற்று. நீங்கள் கேட்கிற மார்க்கரின் பெயர் தைரோகுளோபுலின். தைரொயிட் கலங்கள் மட்டுமே செய்கிற புரதம் அது. நல்ல கலமும் செய்யும், இந்த வகைப் புற்றுநோய்க் கலமும் செய்யும். எனவே சுரப்பி கழுத்தில் இருக்கும்வரை அதைப் பார்த்து புற்றுநோயா இல்லையா என்று சொல்ல முடியாது. சுரப்பி போன பிறகுதான் அதற்கு மதிப்பு. செய்ய ஆளில்லாத பொருள் இரத்தத்தில் கூடிக்கொண்டு போனால், எங்கிருந்து வருகிறது என்று தேடத்தான் வேண்டும்.

இவருடைய ரிப்போர்ட்டில் அது மில்லிலீட்டருக்கு 0.2 நனோகிராமுக்கும் குறைவு என்று வந்ததும் பெரியம்மா மயூரபதி அம்மனுக்கு அர்ச்சனை செய்யப் புறப்பட்டுவிட்டார். டொக்டர் மட்டும் அசையவில்லை. அடுத்த வரியில் பேனாவை வைத்தார். தைரோகுளோபுலினுக்கு எதிராக உடம்பே செய்கிற எதிர்ப்புப் புரதம், அதாவது அன்டிபொடி, வழமையை விடப் பல மடங்கு. இந்த நோயாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது இருக்கிறதாம். தைரோகுளோபுலினை அது பிடித்து மறைத்துவிடும். இருப்பதையே இல்லை என்று மெஷின் சொல்லும். அப்படியானவர்களுக்கு அந்த அன்டிபொடியே மார்க்கர் ஆகிவிடுகிறது. படிப்படியாக இறங்கினால் நல்லது, திரும்ப ஏறினால் கழுத்துக்கு ஸ்கேன். இவருக்கு இறங்கிக்கொண்டுதான் வருகிறது.

மூன்றாவதாக டிஎஸ்எச், அதாவது தைரொயிட்டை வேலை செய்யத் தூண்டுகிற ஹோர்மோன். அது கூடினால் தைரோகுளோபுலினும் கூடும். எஞ்சிய புற்றுநோய்க் கலங்களையும் அது வளரத் தூண்டலாம் என்பதால்தான் தைரொக்சின் மாத்திரை கொடுத்து அதை அமுக்கி வைக்கிறார்கள். டிஎஸ்எச் எவ்வளவு என்று தெரியாமல் பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் ஒப்பிடுவது வீண்வேலை.

நான் கணக்காளன். அளவுகோலை மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். நாங்கள் வழக்கமாகப் போகிற லாப் ஒருமுறை அதைத்தான் செய்தது. அன்டிபொடி கிட்டத்தட்ட இரட்டிப்பு. வீட்டில் யாரும் தூங்கவில்லை. விசாரித்தால் மெஷின் புதிதாம், முறையும் வேறாம்! ரிப்போர்ட்டில் ஒரு வரி போட்டிருக்கலாம். டொக்டர் அதைப் பழைய எண்களோடு சேர்க்காமல், புதிய மெஷினுக்குத் தனிக் கணக்குத் தொடங்கினார்.

பம்பலப்பிட்டி நண்பர் ஒருவர் தன் தம்பிக்கும் இதே பரிசோதனை போதுமா என்று கேட்டார். தம்பிக்கு மெடுலரி வகை. அது வேறு கலத்திலிருந்து வருவது, தைரோகுளோபுலின் செய்யாது. அங்கே பார்ப்பது கல்சிடோனின் என்ற ஹோர்மோனையும் சிஈஏ என்ற புரதத்தையும். அவை எத்தனை காலத்தில் இரட்டிப்பாகின்றன என்பதுதான் முக்கியம். 6 மாதத்துக்குள் என்றால் நோய் வேகமாகப் போகிறது என்று அர்த்தம், 2 வருடத்துக்கு மேல் என்றால் மெதுவாக.

அப்புறம் பயோட்டின் என்கிற விற்றமின். முடி வளர என்று மச்சாள் லண்டனிலிருந்து அனுப்புகிற மாத்திரையில் அது தாராளமாக இருக்கிறது. சில மெஷின்களில் அது தைரோகுளோபுலினையும் டிஎஸ்எச்சையும் உள்ளதை விடக் குறைத்துக் காட்டும். இரத்தம் எடுக்க முன் குறைந்தது 2 நாளாவது நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். மச்சாளிடம் இதைச் சொல்ல இவருக்கு மனமில்லை. அடுத்த பார்சலும் வந்துகொண்டிருக்கிறதாம்.